டிக்கியில் இருந்த மணல்

பாதி மேட்டில் கார் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்று சொல்வதும் சரியில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, எஞ்சின் தொண்டை கிழியக் கத்திக்கொண்டுதான் இருந்தது, வேகம் காட்டும் முள்கூட முப்பதில் நின்று மார்லாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது. வண்டி மட்டும் நகரவில்லை. பிறகு மெதுவாகப் பின்னால் வழுக்கத் தொடங்கியது. மார்லா பிரேக்கை மிதிக்கவில்லை. மிதித்தால் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பி, சாலையோரம் ஆளுயரத்துக்கு மேல் எழும்பி நிற்கிற பனிச்சுவரில் போய்ச் செருகிக்கொள்ளும். ரிவர்ஸ் போட்டு, ஸ்டீயரிங்கை அசையாமல் பிடித்து, ஏறிய தடத்திலேயே அடிவாரம் வரை இறங்கினாள். இது இரண்டாவது தடவை.

அடிவாரத்தில் வரிசையாக நான்கு தபால் பெட்டிகளும் கல்லறைத் தோட்டத்தின் வாசலும் இருந்தன. மார்லா எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. எரிச்சலாவது வந்திருக்கலாம், அதுவும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால் கணவன் ஆர்னி செத்ததிலிருந்து இப்படித்தான். கூரையில் ஏறிப் பனியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தவன், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான், அவ்வளவுதான். தேவாலயத்தில் எல்லோரும் அழுதார்கள். மார்லா காபி போதுமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபது வருடமாக வேலை செய்கிறவள் அவள். இப்போது அவள் நாக்குக்கு உப்பு தெரிவதில்லை. சூப்பைக் கிண்டிவிட்டு அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் கூட வேலை செய்கிற பெண் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பாள். மார்லாவுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள்.

அடக்கமும் இன்னும் ஆகவில்லை. இந்த ஊரில் டிசம்பரில் செத்தவனுக்கு மே மாதம்தான் குழி. மண் கல்லாக இறுகிக் கிடக்கும்போது யார் தோண்டுவது? அதுவரை கல்லறைத் தோட்டத்துக் கோடியில், இரும்புக் கதவு போட்ட கல் அறையில் சவப்பெட்டி இருக்கும். மார்லா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறாள். ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. ஆர்னி போய்விட்டான் என்றும் சொல்ல முடியாது, இருக்கிறான் என்றும் சொல்ல முடியாது. மே மாதம் வரட்டும் என்று எல்லாவற்றையும் தள்ளிப் போட்டிருந்தாள்.

தள்ளிப் போட முடியாதது ஒன்றுதான், மகளுக்குக் கொடுத்த வாக்கு. அடக்கம்தான் இல்லையே தவிர மற்ற சடங்கெல்லாம் முடிந்ததும், மில்வாக்கிக்கு என்னோடு வந்துவிடு என்று கிறிஸ்டா ஒற்றைக்காலில் நின்றாள். இரண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு ஒரு ஒப்பந்தம். அம்மா தன் காரில் தானே இறங்கித் தானே ஏறுகிற வரைக்கும் மேட்டு வீட்டில் இருக்கலாம். யாராவது கட்டி இழுத்துவிட வேண்டி வந்தாலோ, காரை அடிவாரத்தில் போட்டுவிட்டு நடந்து ஏற வேண்டி வந்தாலோ, அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டும். சரி என்று சொல்லிவிட்டாள் மார்லா. வீட்டைப் பூட்டினால் குழாயெல்லாம் உறைந்து வெடிக்கும், நீராவிக் குளியலுக்கான சவுனா அறையின் அடுப்பு சில்லிட்டுப் போகும், ஆர்னியின் கோட்டு மாட்டின இடத்தில் மாட்டினபடி யாருமில்லாமல் தொங்கும். அதை நினைத்தபோது மட்டும் மரத்துப்போன நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. ஆகவே அந்த மேடு அவளுக்கு வெறும் மேடு இல்லை.

ஆர்னியின் நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி வாசலில் பனிக்கடியில் கிடக்கிறது. அதை எடு, அதை எடு என்று ஊரே சொல்லிவிட்டது. அதன் கிளட்ச் மார்லாவின் காலுக்கு எட்டாது. இருக்கையை முன்னால் இழுக்க வேண்டும். அவன் கால் நீளத்துக்கு அவன் தள்ளி வைத்த இருக்கை. இழுக்க மாட்டேன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை, இழுக்கவும் இல்லை.

பனி வழிக்கிற லாரி மேட்டிலிருந்து இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றது. மேலேயிருந்து கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான் ரூடி, ஆர்னியின் தம்பி.

"என்ன மார்லா, மேடு உன்ன வேணாங்குதா?"

"வழுக்குது."

"வழுக்காம? காலைல மழை, மத்தியானம் அது உறைஞ்சு போச்சு, அதுக்கு மேல பனி. நான் வழிச்சு விட்டதுல அடியில இருந்த ஐஸு பளபளன்னு ஆயிருச்சு. மணல் தூவுற லாரி ஏரிப் பக்கம் போயிருக்கு, அது வர்றதுக்குள்ள இருட்டிரும்." அவன் பார்வை அவள் காரின் பின்பக்கம் போனது. "டிக்கில இன்னும் அந்த மூட்டைங்க இருக்கா?"

மார்லா முன்கண்ணாடியில் படிந்த பனியைத் தள்ள வைப்பரைப் போட்டாள்.

"இருக்கு. பாத்தாலே தெரியுதே, வாத்து உக்காந்த மாதிரி உக்காந்திருக்கு. ஏம்மா, பின்னாடி பாரம் ஏத்துனா மூக்கு தூக்கிக்கும். உன் வண்டி நடக்குறதே மூக்காலதான். பதினோரு வருசமா அவன்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுது. அப்பாவோட பழைய லாரிக்கு மணல் போட்டுப் பழகுன கை, கேட்டாத்தானே."

"அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டாரு."

"தெரிஞ்சா எதுக்குப் போட்டான்?"

 ஒவ்வொரு நவம்பரிலும் இந்தச் சண்டை நடக்கும். பின்சக்கரம் தள்ளுகிற வண்டிக்குத்தான் பின்னால் மணல் வேண்டும், என் வண்டியை முன்சக்கரம் இழுக்கிறது, எத்தனை தடவை சொல்வது என்று அவள் கேட்பாள். 'மணல் இல்லாம ஒரு வண்டிய பனியில அனுப்ப எனக்கு மனசு வராது' என்று சொல்லிக்கொண்டே ஆர்னி மூன்று மூட்டைகளைத் தூக்கிப் போடுவான். மேடு ஏற முடியாத நாளில் அவளே அவற்றை எடுத்துக் கீழே போட்டுவிட்டு ஏறுவாள். மறுநாள் அவன் திரும்பவும் தூக்கிப் போட்டிருப்பான். போன நவம்பரில் போட்டது அப்படியே இருக்கிறது. கீழே எடுத்துப் போட்டால் திரும்பத் தூக்கிப் போட ஆள் இல்லை.

"ஒரு மூட்டையப் பிரிச்சுச் சக்கரத்துக்கு அடியில தூவிக்கயேன்," என்றான் ரூடி.

"உறைஞ்சு கல்லா இருக்கு. தட்டிப் பாத்தேன்."

"அப்ப எடுத்து ஓரமாப் போட்டுட்டு, திருப்பி ரிவர்ஸ்ல ஏத்து. பாரம் முழுக்க முன்சக்கரத்து மேல நிக்கும்." ரூடி சிரித்தான். "ஆயுசுக்கும் லாரி ஓட்டுனவன் பொண்டாட்டி ரிவர்ஸ்ல ஏறுனா மானம் போயிருமாக்கும்? இருந்து பாக்கத்தான் அவன் இல்லியே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. குல்லாவைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"பள்ளிக்கூட ரோட்டு வேலை பாக்கி இருக்கு. முடிச்சிட்டு வரேன். அதுவரைக்கும் ஏறலேன்னா சங்கிலி போட்டு இழுத்து விட்டுர்றேன். இங்க உக்காந்து விறைச்சுச் சாக விட முடியாது." லாரியைக் கிளப்பியவன் மறுபடி தலையை நீட்டினான். "கிறிஸ்டா எனக்கும் போன் பண்ணுவா, மார்லா. அவகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது."

லாரி போன பிறகு சுற்றிலும் பனி விழுவது மட்டும்தான் இருந்தது. காரின் ஆண்டெனாவில் கட்டியிருந்த ஆரஞ்சுக் கொடி நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அது பனிச்சுவருக்கு மேலே தெரிந்தால்தான் முனையில் வருகிறவன் ஒதுங்குவான். அதைக் கட்டியவனும் ஆர்னிதான். மார்லா இறங்கி டிக்கியைத் திறந்தாள்.

மூன்று மூட்டைகள், நீளநீளமாக, ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருந்தன. இழுத்தால் வரவில்லை. பனி மண்வெட்டியின் முனையைச் செருகி நெம்பினாள். அடியில் ஒரு பழைய கம்பளத் துண்டு விரித்திருந்தது, சவுனா வாசலில் கிடந்து தேய்ந்த கம்பளத்தில் வெட்டியது, ஓரமெல்லாம் நேராக. அவளுடைய டிக்கி அழுக்காகக் கூடாதென்று விரித்திருக்கிறான். அவள் எத்தனையோ தடவை மூட்டைகளைத் தூக்கியிருக்கிறாள், இதைப் பார்த்ததில்லை. போன நவம்பரில்தான் புதிதாக விரித்திருக்க வேண்டும். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது அழுகை வரும் என்று பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் வருவாரா என்று எட்டிப் பார்ப்பது போலத்தான் இருந்தது. வரவில்லை.

கையுறை நனைந்து வழுக்கியது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்கையால் முதல் மூட்டையைத் தூக்கினாள். பெரிய அண்டாக்களைத் தூக்கிப் பழகிய தோள், கனம் பெரிதாகத் தெரியவில்லை. பனிச்சுவரில் சாய்த்து வைக்கலாம் என்று இரண்டடி எடுத்து வைத்தவள் நின்றாள். இங்கே போட்டால் காலையில் ரூடியின் லாரி வழித்து, பனியோடு பனியாகக் கல்லறைத் தோட்டத்து வேலிக்குள் எறிந்துவிடும். மூட்டையை அணைத்தபடி அங்கேயே நின்றாள். பிறகு சுற்றிப் போய் முன்பக்கக் கதவை முழங்கையால் திறந்து, தன் பக்கத்து இருக்கையில் அதை வைத்தாள். முன்பக்கம் பாரம் ஏறினால் முன்சக்கரம் பிடிக்கும். இதைப் பதினோரு வருடமாக ஆர்னிக்கும் தோன்றவில்லை, ரூடிக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. மற்ற இரண்டையும் இருக்கைக்குக் கீழே கால் வைக்கிற இடத்தில் கிடத்தினாள். முதல் மூட்டை விறைத்திருந்ததால் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.

காரைக் கல்லறைத் தோட்டத்து வாசலில் திருப்பினாள். வேறு அகலமான இடம் இல்லை. யாரும் கேட்காமலே ரூடி அங்கே கொஞ்சம் வழித்து வைத்திருந்தான். திரும்பும்போது முகவிளக்கு வெளிச்சம் சிலுவைகளின் தலைகளைத் தடவிக்கொண்டு போய் இரும்புக் கதவில் பட்டு விலகியது. அவள் அதைப் பார்த்தாள். கதவுதான். கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

ரிவர்ஸ் போட்டுக் கொஞ்சம் நகர்ந்ததும் மணி அடிக்க ஆரம்பித்தது. டிங், டிங், டிங்.

"யோவ், பெல்ட்டப் போடுய்யா," என்றாள் மார்லா.

சொன்ன பிறகு அவள் வாய் அப்படியே திறந்தபடி இருந்தது. பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடவில்லையென்றால் இந்தக் காரில் மணி அடிக்கும். மற்ற கார்களில் கொஞ்ச நேரம் அடித்து ஓய்ந்துவிடும், இது ஓயாது. ஆர்னி பெல்ட் போடாத ஜாதி. சனிக்கிழமை மூன்று பேருமாகக் கடைக்குப் போகும்போது பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்த கிறிஸ்டா பின்னால் காதைப் பொத்திக்கொண்டு, 'அம்மா, அவரப் பெல்ட் போடச் சொல்லும்மா' என்று கத்துவாள். மார்லா திட்டுவாள். 'அடிக்கட்டும் விடு, பாவம், அதுக்கும் வேற என்ன வேலை இருக்கு' என்பான் அவன். தபால் பெட்டிகளைத் தாண்டுகிற வரைக்கும் அடிக்க விட்டுவிட்டுத்தான் போடுவான். டிசம்பரிலிருந்து அந்த இருக்கையில் யாரும் உட்கார்ந்ததில்லை. மணி அடிக்காமல் இருந்தது என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

நிறுத்தினால் திரும்பக் கிளம்புவது கஷ்டம். மார்லா வலது கையைப் பக்கத்து இருக்கையின் முதுகில் நீட்டிப் போட்டு, உடம்பைத் திருப்பிப் பின்கண்ணாடியைப் பார்த்தாள். ரிவர்ஸில் போகிற எல்லோரும் அப்படித்தான் கையைப் போடுவார்கள். சாக்கின் குளிர் கோட்டுக் கையைத் தாண்டி உறைத்தது. மிதியை அழுத்தாமல், தொடுவது போலத் தொட்டாள். கார் ஏறியது. முன்பு நின்ற இடத்தில் சக்கரம் ஒருமுறை சீறியது. காலைக் கொஞ்சம் தூக்கினாள், பிடித்துக்கொண்டது. மணி அடித்துக்கொண்டே வந்தது. வளைவில் பின்பக்கம் சுவரை உரசி, கண்ணாடி முழுக்கப் பனி சரிந்து, ஒரு கணம் எதுவும் தெரியவில்லை. தெரியாமலே ஓட்டினாள். தடம் அவளுக்கு மனப்பாடம். சுவர்கள் விலகின, வீட்டின் கூரை தெரிந்தது, ஆர்னியின் வண்டி பனிக்குன்றாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் நிறுத்தினாள்.

விரல்களில் உயிர் திரும்ப ஆரம்பித்து, ஊசி ஊசியாகக் குத்தியது. இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு பல்லைக் கடித்தாள். அப்போதுதான் போன் அடித்தது. தினமும் இந்த நேரத்துக்கு அடிக்கும்.

"ஏறிட்டியாம்மா?"

"ஏறிட்டேன்."

"இங்க செய்தியில உங்க பக்கம் ஐஸ்னு சொன்னான். நெஜமாத்தான் சொல்றியா? யாரும் இழுத்து விடலையே? ரூடி சித்தப்பாகிட்ட கேட்டா ஒரே கதைதான் வரணும், ஆமா."

"யாரும் இழுத்து விடல. ரிவர்ஸ்ல ஏறினேன்."

"நீயா? ரிவர்ஸ்லயா?" கிறிஸ்டா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

மார்லா எஞ்சினை அணைத்திருக்கவில்லை. டிங், டிங் என்று மணி அடித்துக்கொண்டிருந்தது. மில்வாக்கியில், தன் அலுவலகத்து வாசலிலோ காரிலோ இருக்கும் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. மூட்டைகளைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு கிறிஸ்டா சொன்னாள்.

"அம்மா... அவரப் பெல்ட் போடச் சொல்லும்மா."

மார்லா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். குத்துகிற விரல்களால் பெல்ட்டை இழுத்தாள். வழியில் சிக்கியது, விட்டுவிட்டு மறுபடி மெதுவாக இழுத்து, மூட்டையின் குறுக்கே கொண்டுவந்து மாட்டினாள். மணி நின்றது. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. காரின் முகம் கீழ்நோக்கி இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அவள் ஏறிவந்த தடம் கல்லறைத் தோட்டத்து வாசல் வரைக்கும் கருப்பாக இறங்கிப் போனது. அதன் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது. அவள் முகத்தில் ஏதோ சூடாக வழிந்து உதட்டுக்கு வந்தது. உப்புக் கரித்தது.