கஞ்சி போட்ட டயப்பர்

துணி டயப்பரைப் பற்றி நான் வாயைத் திறந்தால் போதும், தபிதா எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிடுவாள். என் பேச்சு காதில் விழாமலிருக்க என் மனைவி கண்டுபிடித்த வழி அது. திருப்பதி வெயிலில் மின்விசிறியைக் கூட்டுகிறவளை யார் குறை சொல்ல முடியும்?

நான் விடவில்லை. செல்போனில் ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து எனக்கு ஞானம் பிறந்திருந்தது. கடை டயப்பர் மண்ணில் மக்காது, பிள்ளைக்குத் தடிப்பு வரும், பருத்தித் துணிதான் நல்லது என்று சமைக்கும்போதும் சொன்னேன், சாப்பிடும்போதும் சொன்னேன். சமைத்தவள் அவள். பிள்ளை பெற்றவளும் பாலூட்டுகிறவளும் அவள். துணியின் அருமையைப் பேசுகிற வேலை மட்டும் என்னுடையதாக இருந்தது.

"யாரு துவைக்கறது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நாமதான்."

"நாமன்னா?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். "நான்தான் துவைப்பேன்" என்று சொல்லிவிட்டேன்.

தபிதா சிரித்தாள். "ஏங்க, மாடியில தோட்டம் போட்டீங்களே, யாரு தண்ணி ஊத்திக்கினு இருந்தது? காலையில கேழ்வரகு கூழுதான் குடிக்கணும்னீங்களே, யாரு கிண்டிக்கினு இருந்தது? நீங்க ஒண்ண ஆரம்பிச்சா அது கடைசியா என் தலையிலதான் வந்து வுழுது."

உண்மைதான். தக்காளிச் செடிகள் செத்ததே அவள் பிரசவத்துக்குச் சித்தூர் போன பிறகுதான்.

அவள் பயம் டயப்பரோடு நிற்கவில்லை. தபிதா ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். பிரசவ விடுப்பு முடியப்போகிறது. திரும்பி வருகிறாயா, வேறு ஆள் பார்க்கட்டுமா என்று லேப் பொறுப்பாளர் உமாபதி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். ஆனால் அவளுக்குக் காலை டூட்டி, எனக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் இரண்டாவது ஷிப்ட். அவள் வேலைக்குப் போனால் காலை முழுவதும் பிள்ளை என் கையில்தான்.

"உங்கள நம்பி பாப்பாவ வுட்டுட்டுப் போலாமா வேணாமான்னு எனக்குத் தெரியல" என்றாள். இந்த முறை சிரிக்கவில்லை. "சரே, வர ஞாயித்துக்கெழம சித்தூர்ல ஞானஸ்நானம். அது வரைக்கும் நீங்களே துவைங்க, நீங்களே கட்டுங்க. ஒரு துணிகூட என் கைக்கு வரக்கூடாது. அப்பறம் உமாபதி சாருக்கு பதில் சொல்றேன்."

ஒரு வீடியோ பார்த்த பாவத்துக்கு, என் மனைவியின் வேலை என் துவைகல்லின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது.

துவைத்தேன். பச்சைப் பிள்ளைதானே, எவ்வளவு வந்துவிடப் போகிறது என்று நினைத்திருந்தேன். ஜெமிமா கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அலசினேன், கும்மினேன், பிழிந்தேன். மொட்டை மாடியில் காயப் போடும்போது, வீட்டு ஓனருக்குத் துணி துவைக்க வரும் கிருஷ்ணம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஏமி சார், மேடம் ஊர்லோ லேரா?"

மேடம் ஊரில் இருக்கும்போது ஐயா ஏன் டயப்பர் துவைக்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. "உன்னாரு" என்றேன், இருக்கிறார் என்று. அதைச் சொல்லி முடிப்பதற்குள் என் முகத்தில் அசடு வழிந்ததை அவள் நன்றாகவே பார்த்தாள்.

மடித்து அடுக்கியதில் ஒன்றைத் தபிதா எடுத்து மோந்து பார்த்தாள்.

"நெஜமா சொல்லுங்க, யாரு துவைச்சது? கிருஷ்ணம்மாகிட்ட குடுத்தீங்களா?"

"நான்தான், தபி."

"ம்" என்றாள். அந்த 'ம்' எனக்குச் சுருக்கென்று தைத்தது.

சித்தூரில் இருக்கும் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் பெறும் பிள்ளையின் வீட்டார்தான் அந்த வாரத்துப் பலிபீட விரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொடுக்க வேண்டும். என் நைனா ஞானசிங் அந்தக் கோயிலில் கோயில்பிள்ளையாக இருந்தவர். மணியடிப்பதிலிருந்து விரிப்புத் துவைப்பதுவரை எல்லாம் அவர் வேலை. அதனால் வெள்ளைத் துணி என்றால் எங்கள் வீட்டில் ஒரே முறைதான். சொட்டு நீலம், ஜவ்வரிசிக் கஞ்சி, இஸ்திரி. துவைப்பதில் எனக்குத் தெரிந்த ஒரே பெருமையான விஷயமும் அதுதான்.

சனிக்கிழமை காலை, தபிதா பிள்ளையோடு தூங்கும்போது கஞ்சி காய்ச்சினேன். விரிப்பு ஒரு பக்கம் ஊறியது, டயப்பர்கள் ஒரு பக்கம். இரண்டும் வெள்ளை, இரண்டும் பருத்தி. பிள்ளை முதன்முதலாகச் சபைக்கு முன்னால் போகிறது. மேலே கவுன் பளபளக்கும்போது உள்ளே இருப்பது மட்டும் துவண்டு கிடக்கலாமா? டயப்பர்களை முதலில் முக்கினேன். நான்கு மடிப்புத் துணி, கஞ்சியை ஆசையாகக் குடித்தது. விரிப்புக்கு மிஞ்சியது அடித்தண்ணீர்தான். எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, மடிப்புக் கலையாமல் தேய்த்தேன். கையால் தட்டிப் பார்த்தேன், அப்பளம் மாதிரி இருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் ஜெமிமாவுக்கு நானே கட்டிவிட்டேன். முனகினாள். கோயிலில் கூட்டம் அதிகம், பிள்ளைக்குப் புழுக்கம் என்று எல்லாருக்கும் விளக்கம் சொன்னேன்.

போதகர் ஜெபசிங் ஐயா பிள்ளையைக் கையில் வாங்கினார். வெள்ளைக் கவுனுக்குள் மொடமொடவென்று சத்தம் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார், நான் சிலுவையைப் பார்த்தேன். நெற்றியில் தண்ணீர் படுவதற்கு முன்பே ஜெமிமா வீறிட்டாள். அடுத்த நிமிஷம் ஐயாவின் அங்கிக் கை முழங்கைவரை நனைந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் என்று சபையார் நினைத்துக்கொண்டார்கள். அவ்வளவு தண்ணீர் ஊற்றுகிற சபை எங்களுடையது அல்ல.

தபிதா பிள்ளையை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். மேசைமேல் கிடத்தி டயப்பரை அவிழ்த்தாள். முன்பக்கம் நனைந்து கூழாகியிருந்தது. பின்பக்கம் விறைத்து நின்றது.

"இன்னாங்க இது?"

"கஞ்சி."

"டயப்பருக்கா?"

"மொத மொத சபைக்கு முன்னாடி வருதே, மரியாதையா இருக்கட்டும்னு…"

பிள்ளையின் தொடையில் மடிப்பு பட்ட இடம் சிவந்து கோடாகியிருந்தது. என் பெருமைக்கு அந்தப் பச்சை உடம்பு வலித்திருக்கிறது. எந்த அம்மாதான் இனி என்னை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாள்?

"வுடு தபி, கடை டயப்பரே வாங்கிடலாம். இதெல்லாம் தூக்கிப் போட்டுடறேன்."

சிவந்த இடத்தில் எண்ணெய் தடவினாள். கைப்பையிலிருந்து ஒரு கடை டயப்பரை எடுத்துக் கட்டினாள். அதை ஏன் கொண்டுவந்தாள் என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. பிறகு பையில் மிச்சமிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எல்லாமே நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடிப்போடு இருந்தன. அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"அப்ப நெஜமாவே நீங்கதான் துவைச்சீங்க."

"அன்னிக்கே சொன்னேனே."

"நான் நம்பல. கிருஷ்ணம்மா துவைச்சிக் குடுக்கறா, நீங்க மடிச்சி வெச்சிக்கினு பேர் வாங்கறீங்கன்னு நெனச்சினு இருந்தேன். அவ டயப்பருக்குக் கஞ்சி போடுவாளா? ஒலகத்துலயே உங்களத் தவிர எவனும் போடமாட்டான்."

இது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து ஐயா ஈரக் கையோடு எட்டிப் பார்த்தார். "ஆசிர், விரிப்புக்கு இந்த வாரம் கஞ்சியே போடலயா? ஃபேன் காத்துல பறந்துக்கினே இருந்தது. பைபிள வெச்சி அமுக்கினேன்."

"போட்டாருங்க ஐயா. எடம் மாறிப்போச்சு" என்றாள் தபிதா.

ஐயா ஒன்றும் புரியாமல் போனார். அவள் செல்போனை எடுத்தாள்.

"உமாபதி சார், நேனு ரேப்பே டூட்டிக்கி வஸ்தானு" என்றாள். நாளைக்கே வேலைக்கு வருகிறாள்! அந்தப் பக்கம் அவர் ஏதோ கேட்டார். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் கேட்டிருப்பார். தபிதா என்னைப் பார்த்தாள்.

"மா ஆயன உன்னாரு."

எங்க வீட்டுக்காரர் இருக்கார். பிறந்ததிலிருந்து தெலுங்கு கேட்டு வளர்ந்தவன் நான். என் காதில் இவ்வளவு இதமாக அது ஒருநாளும் விழுந்ததில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

போனை வைத்துவிட்டு, மேசைமேல் கிடந்த அந்தக் கூழ் டயப்பரை இரண்டு விரலால் தூக்கி என் கையில் வைத்தாள்.

"நின்னுக்கினு இருக்கீங்களே, போய் அலசுங்க. இன்னிக்கு வெறும் தண்ணியில."