ஆறாவது எண்

பஸ் டிப்போவிலிருந்து ஓய்வு பெற்றதும் என் கணவன் கிளைவ் குளியலறையிலேயே குடியிருக்க ஆரம்பித்தான். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று பழங்களை வேகவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், முட்டாள் மாதிரி. வயிற்றுக்கு ஒன்றுமில்லை. கையில் போன் இருந்தது. தொட்டவுடனே ஜெயித்தாயா தோற்றாயா என்று சொல்லிவிடும் விளையாட்டுகள் லாட்டரி ஆப்பில் உண்டு. விட்பி கடற்கரையில் ஒரு வாரம் தங்கச் சேர்த்த பணம் அதில் கரைந்துவிட்டது.

நான் கத்தினேன். ஒரு தட்டை உடைத்தேன். நல்ல தட்டு, அதற்கு இன்னும் வருத்தம் உண்டு. அவன் அழுதான்.

சூதாட்டத்தை விட உதவுகிற எண்ணுக்கு போன் செய்தேன்.

"அந்த ஆப்லயே தன்னைத் தானே தடை பண்ணிக்கிற வசதி இருக்கும்மா. சட்டப்படி வெச்சே ஆகணும்" என்றாள் போனை எடுத்த பெண். "அஞ்சு வருஷம்னு போட்டா அஞ்சு வருஷம். நடுவுல அவரே கெஞ்சினாலும் திறக்க மாட்டாங்க. ஆனா அவர்தான் அழுத்தணும், நீங்க அழுத்தக் கூடாது."

கிளைவ் சரி என்றான். அப்புறம் போனில் சார்ஜ் இல்லை என்றான். கண்ணாடியைக் காணோம் என்றான். அது அவன் தலைமேல் இருந்தது.

வெள்ளிக்கிழமை போனை அவன் முன்னால் வைத்தேன்.

"என்னய்யா உன் பிரச்சினை? சொல்லித் தொலை."

"கணக்கை மூடினா சனிக்கிழமை லாட்டரிச் சீட்டும் போயிடும், நோரீன்."

"போகட்டுமே!"

"அது டெஸ்ஸாவோட நம்பர்."

டெஸ்ஸா எங்கள் மகள். ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். அதிலிருந்து வாராவாரம் அதே ஆறு எண்களைத்தான் கட்டுகிறான். முதலில் மூலைக்கடையில், பிறகு ஆப்பில். எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான். பிடித்த எண்ணை விடமாட்டார்கள், விட்ட வாரமே அது விழுந்துவிடுமாம்.

"விட்டதும் விழுந்துடும்னு பயமா?"

"விழுந்தா விழட்டும். நான் நிறுத்திட்டா, சனிக்கிழமை ஆனா அவளை யாரு நினைப்பாங்க?"

போனைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

"நீயே கடைக்குப் போயி, ஒரே ஒரு சீட்டு..." என்றான் மெல்ல.

சரி என்று சொல்ல வாய்வரை வந்தது. "மாட்டேன். இன்னிக்கு ஒரு சீட்டும்ப, நாளைக்குச் சுரண்டிப் பாக்குற சீட்டும்ப. உன்னை எனக்குத் தெரியாதா?"

அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நாலு, பதினொண்ணு, அவ பிறந்த தேதி. ஒன்பது அவ வயசு. இருபத்திமூணு நம்ம பழைய வீடு, முப்பத்தெட்டு நீ ஓட்டின பஸ். நாப்பத்தொண்ணு என்னன்னு கேட்டா மட்டும், சும்மா ஒரு நம்பர்ன்னே சொல்லிட்டிருக்க."

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"சனிக்கிழமை அவளைக் கூட்டிட்டுப் போவேனே, அந்த நீச்சல் குளத்துல துணி வைக்கிற பெட்டி. நாப்பத்தொண்ணுதான் வேணும்பா. வேற யாராவது எடுத்திருந்தா, அவங்க போற வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருப்பா, பிடிவாதக்காரி. கடைசி சனிக்கிழமை எனக்கு ஷிப்டுக்கு நேரமாச்சு. வேற பெட்டியில போடுன்னு அதட்டிட்டேன், நோரீன். முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டே நீந்தினா."

இத்தனை வருஷமாக இதை எனக்குக்கூடச் சொல்லாமல் சுமந்திருக்கிறான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"நாளைக்கு அங்க போலாம். ரெண்டு பேரும்" என்றேன்.

அவன் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டான். ஐந்து வருஷம் என்று தேர்ந்தெடுத்து, அழுத்தினான்.

மறுநாள் சாயங்காலம் போனோம். என் நீச்சல் உடை எப்போதோ வாங்கியது. கிளம்பும் முன் நான் அதற்குள் நுழையப் பட்ட பாட்டில் கிளைவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

நாற்பத்தொன்று பூட்டியிருந்தது. அதில் துணியை வைத்துவிட்டு யாரோ குளத்தில் நீந்திக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் மற்ற பெட்டிகளெல்லாம் திறந்தே கிடந்தன.

கிளைவ் என்னைப் பார்த்தான். "குளத்தை மூடற நேரம் வந்துடுமே. வேறதுல வெச்சுக்கலாமா?"

"கூடாது. உக்காரு."

ஈரப் பெஞ்சில் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சுவர்க் கடிகாரத்தில் லாட்டரி குலுக்கும் நேரம் வந்து, போயிற்று. கிளைவ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாற்பத்தொன்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நேரமானாலும் சரி, எனக்கு அவசரமில்ல" என்றான். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.