ஈரச் சாக்கின் எடை

ஒன்றரை விநாடி எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியாமல் விக்னேஸ்வரி மூன்று நாளாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை விநாடியில் ஒரு மனிதன் கொட்டாவிகூட முழுசாக விட முடியாது. அதற்குப் போய் ஒரு பெண் சோறு தண்ணீர் மறந்து கிடப்பாளா என்று கேட்டால், கிடப்பாள். அவளுடைய அடுத்த மூன்று மாதம் அந்த ஒன்றரை விநாடியை நம்பித்தான் இருந்தது.

விஷயம் இதுதான். கடையில் பில் போடுவதிலிருந்து ஆஸ்பத்திரியில் நம்பர் எடுப்பது வரை எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு டேட்டாபேஸ் உட்கார்ந்திருக்கிறது. அவற்றில் சிலவற்றின் நிரலை உலகத்துக்கே திறந்து வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தியும் கொடுக்கலாம். அப்படி ஒன்றைப் பராமரிக்கும் கூட்டம், டேட்டாபேஸ் இன்னும் வேகமாக ஓட வேண்டும், மாணவர்களும் கை கொடுங்கள் என்று கூப்பிட்டது. விக்னேஸ்வரி படிக்கும் கோலாலம்பூர் கல்லூரியிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு மூலையைக் கொடுத்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அந்த எட்டுப் பேரில் நாலு பேரைத்தான் மேற்கொண்டு மூன்று மாதம் வைத்துக்கொள்வார்கள். அந்த நாலு பேர் எழுதியது நிஜ டேட்டாபேஸுக்குள்ளேயே போகும், பெயரோடு.

விக்னேஸ்வரிக்குக் கிடைத்தது இரண்டு கோடி வரிகளை வரிசைப்படுத்தும் இடம். ஹாஸ்டல் அறையில் பழைய நிரலை ஓட்டிப் பார்த்தாள். எட்டுப் புள்ளி நாலு விநாடி. ராப்பகலாக உட்கார்ந்து நாற்பது வரியை மாற்றி எழுதினாள். அதற்குள் செமஸ்டர் விடுமுறை வந்தது. பஸ் ஏறி மலைமேல் தானா ராத்தாவில் இறங்கி, அப்பாவின் மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து, தேயிலைத் தோட்டத்து லயன் வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மறுநாள் காலையில் புதிய நிரலை ஓட்டினாள். ஆறு புள்ளி ஒன்பது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தோசைக்கல்லோடு நின்ற அம்மா சீதாவை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மாணவர்களுக்கு வழிகாட்ட அந்தக் கூட்டம் போட்டிருந்த ஆள் ரெனீ. ஈப்போக்காரி, முப்பது வயது, அதிகம் பேசமாட்டாள். அவளே அன்று போனில் சிரித்தாள்.

"எட்டு பேருல உன் நம்பர்தான் நல்லா இருக்கு, விக்கி. மேல சொல்லிட்டேன்."

அந்தச் சிரிப்பு இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் ரெனீ மறுபடி கூப்பிட்டாள்.

"என் மெஷின்ல ஓட்டிப் பார்த்தேன்மா. பழசும் அஞ்சு புள்ளி ரெண்டு, புதுசும் அஞ்சு புள்ளி ரெண்டு. வித்தியாசமே இல்ல."

"எப்படிக்கா? என்னோடதுல ஒன்றரை விநாடி குறையுதே."

"தெரியல. எதுக்கும் பத்து தடவை ஓட்டி அனுப்பு."

பத்துத் தடவை ஓட்டினாள். அங்கேதான் பிடித்தது சனி. விடியற்காலை ஜன்னல் பக்கம் வைத்து ஓட்டினால் ஆறு ஒன்பது. மத்தியானம் அம்மா சமைக்கும் குசினி மேசையில் ஓட்டினால் ஏழு ஒன்பது. சாயங்காலம் ஏழு இரண்டு. அதே நிரல், அதே மெஷின், அதே இரண்டு கோடி வரிகள். ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் நம்பர் மட்டும் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கியது.

முதலில் கரண்டின் மேல் சந்தேகம் வந்தது. அம்மாவிடம் மிக்ஸி போடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அம்மியைத் தேடிப் பரணில் ஏறிய சீதா, மகளைப் படிக்க வைத்தது இதற்குத்தானா என்று உரக்கவே கேட்டாள். அடுத்து வைரஸ் என்று நினைத்து மெஷினில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். அதில் ஒரு பகல் போனது. திரும்பவும் ஓட்டினால் ஏழு ஆறு. தன் நிரலிலேயே ஏதோ ஓட்டை என்று நாற்பது வரியையும் நாற்பது தடவை படித்தாள். கடைசியில் எழுத்துகள் எழுத்துகளாகவே தெரியவில்லை. சீதா சத்தம் போடாமல் வந்து லேப்டாப்பின் முதுகில் விபூதி பூசிவிட்டுப் போனாள். விக்னேஸ்வரி அதைத் துடைக்கவில்லை. அந்த நிலைமைக்கு வந்திருந்தாள்.

புதன்கிழமை போனில் ரெனீயே இறங்கி வந்தாள்.

"மெஷினுக்கு மெஷின் மாறும்மா. உன்னோடதுல குறையுதுல்ல, அது போதும். வெள்ளிக்கிழமை நான் பேசிக்கிறேன்."

இதைக் கேட்டு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எதனால் குறைகிறது என்று தெரியாத ஒன்றை எப்படித் தன் பெயர் போட்டுக் கொடுப்பது?

வியாழக்கிழமை காலை மழை விட்டிருந்தது. மலை முழுக்கப் பனி. அப்பா பழனியப்பன் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு விக்னேஸ்வரி கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு நடந்தாள். அவளுக்குப் பிடிக்காத இடம் அது. பழனியப்பன்தான் அங்கே தராசுக் கிராணி. வெட்டி வரும் கொழுந்தை நிறுத்து, சாக்கின் எடையைக் கழித்து, கூலிக்குக் கணக்கு எழுதுவது அவர் வேலை. காய்ந்த சாக்கு ஒரு கிலோ. மழையில் நனைந்தால் அதே சாக்கு தண்ணீர் குடித்து இரண்டு, இரண்டரை என்று ஊறிவிடும். முன்னால் இருந்த கிராணி மழையானாலும் வெயிலானாலும் ஒரு கிலோ கழித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார், எல்லாருக்கும் நல்லவர். பழனியப்பன் வந்ததும் மழை நாளில் வெறும் சாக்கை ஒரு தடவை தனியாக நிறுக்க ஆரம்பித்தார். அன்றைக்குப் பிடித்தது அவருக்கு 'குறைக்கிற கிராணி' என்ற பெயர். பள்ளிக்கூட பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கேலி செய்வார்கள். அவள் வெட்கப்பட்டாள். அப்பாமேல் கோபப்பட்டாள். அது இன்றுவரை முழுசாகப் போகவில்லை.

கொட்டகையில் வழக்கம்போலச் சண்டை. வங்காளதேசத்துத் தொழிலாளி ஒருவர் தமிழையும் மலாயையும் பிசைந்து கத்திக்கொண்டிருந்தார்.

"நேத்து ஒரு கிலோ கழிச்சே, இன்னிக்கு ரெண்டரை. சாமா சாக்குதானே, பாஸ்?"

அதே சாக்குதான். அதில் சந்தேகமே இல்லை. சிவப்பு நூலால் அவரே தைத்த ஒட்டு அதில் இருந்தது.

பழனியப்பன் குரலை உயர்த்தவில்லை. "கொட்டுலா. கொட்டிட்டு வெறும் சாக்கைத் தூக்கு."

கொழுந்தைக் கொட்டினார்கள். சொட்டச் சொட்ட வெறும் சாக்கு தராசில் தொங்கியது. முள் இரண்டரையில் நின்றது. "நேத்து நிறுத்தது காஞ்ச சாக்கு. இன்னைக்கு இதுதான். நேத்து எடைய வச்சு இன்னைக்குக் கழிக்க முடியுமா?"

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே போனார். விக்னேஸ்வரி டிபன் கேரியரைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

அவளும் பழைய நிரல் என்ற வெறும் சாக்கைக் கோலாலம்பூரில் நிறுத்திருந்தாள். மூன்றாம் மாடி, தகரக் கூரை, காற்றாடியும் வேலை செய்யாத அறை. மெஷினைத் தொட்டால் இட்லிச் சட்டி மாதிரி சுடும். சூடு ஏறினால் மெஷின் எரிந்து போகாமல் இருக்கத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இது அவள் பாடத்திலேயே இருந்தது, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள். புதிய நிரலைப் போட்டு, கொழுந்தோடு நிறுத்ததோ இங்கே, போர்வைக்குள் விரல் விறைக்கும் குளிரில். பழைய நிரலை இங்கே ஒரு தடவைகூட ஓட்டவில்லை. வேறு ஊர்க்காரியாக இருந்தால் வந்து இறங்கியதும் 'ஐயோ குளிர்' என்றிருப்பாள், உடனே பொறி தட்டியிருக்கும். இங்கேயே பிறந்தவளுக்குக் குளிர் ஒரு கணக்கிலேயே வரவில்லை.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் பழனியப்பன்.

"ஒண்ணுமில்லப்பா. வீட்டுக்குப் போறேன்."

ஓடினாள். ஜன்னல் பக்கம் மெஷினை வைத்துப் பழைய நிரலை ஓட்டினாள். ஆறு புள்ளி எட்டு.

அவளுடையது ஆறு ஒன்பது. பழையது ஆறு எட்டு. மறுபடி ஓட்டினாள், மாற்றி மாற்றி ஓட்டினாள். குசினிக்குத் தூக்கிக்கொண்டு போய் சீதாவின் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஓட்டினாள். அங்கே இரண்டுமே ஏழு ஒன்பது. ராப்பகலாக எழுதிய நாற்பது வரி எதையும் குறைக்கவில்லை. குறைத்ததெல்லாம் மலைக் குளிர்.

குழப்பம் தீர்ந்ததே என்று சந்தோஷப்படுவதா, எல்லாம் போயிற்றே என்று அழுவதா? இரண்டும் சேர்ந்து வந்தன. சோற்றுப் பானை பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சீதா தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

சொல்லாமலும் இருந்துவிடலாம். ரெனீயே பேசிக்கொள்கிறேன் என்றுவிட்டாள். இரவு முழுக்க அந்த நினைப்பு அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் மோட்டாரை எடுத்துக்கொண்டு, லைன் நன்றாகக் கிடைக்கும் தானா ராத்தாவுக்குப் போய், ஒரு சாப்பாட்டுக் கடையின் மூலையில் லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் எட்டு மாணவர்களும் ரெனீயும் இருந்தார்கள். அவள் முறை வந்தது.

"என் மாத்தம் ஒண்ணும் குறைக்கலக்கா. பழச ஹாஸ்டல் சூட்டுல ஓட்டிட்டேன், புதுசக் குளிர்ல ஓட்டிட்டேன். ரெண்டையும் ஒரே இடத்துல வச்சு ஓட்டுனா வித்தியாசமே இல்ல. மன்னிச்சிருங்க."

ரெனீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நாலு பேர் பட்டியல் வந்தபோது விக்னேஸ்வரியின் பெயர் அதில் இல்லை. முதல் பெயர் ஷர்வின், பதினைந்து சதவீதம் குறைத்தவன்.

அவள் லேப்டாப்பை மூடப் போனாள்.

"நீ மட்டும் இரு," என்றாள் ரெனீ. "இந்த நாலு பேரும் எப்படி அளந்தாங்கன்னு நான் கேக்கவே இல்ல. எனக்கே அசிங்கமா இருக்கு. உங்க வீட்டுல குளிரும் இருக்கு, அடுப்பும் இருக்கு. ஒவ்வொருத்தரோடதையும் பழசு புதுசு பக்கத்துல பக்கத்துல வச்சு அளந்து குடு. நீ சொன்னப்புறம்தான் எதுவும் உள்ள போகும்."

"என் பேரு வருமாக்கா?"

"வராது. நிரல் எழுதுனவங்க பேருதான் வரும்."

இது பரிசா தண்டனையா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தாள். லோரி ஒன்று முட்டைக்கோசு ஏற்றிக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. அதைத் தாண்டவும் தோன்றாமல் பின்னாலேயே வந்தாள். விடை கிடைக்கவில்லை. ஆனாலும் சனிக்கிழமை காலை ஷர்வினுடையதை ஜன்னல் பக்கம் ஓட்டினாள், பிறகு பானைப் பக்கம் ஓட்டினாள். இரண்டு இடத்திலும் மூன்று சதவீதம்தான் குறைந்தது. அதை அப்படியே எழுதி அனுப்பினாள், பழைய நிரலின் நம்பரையும் பக்கத்திலேயே போட்டு.

சாயங்காலம் அவனிடமிருந்து செய்தி வந்தது. 'நீ தோத்துட்ட. அதுக்காக எங்க நம்பர குறைக்கத்தான் உன்னைய உக்கார வச்சிருக்காங்களா?'

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. பதிலுக்கு நாலு வார்த்தை அடித்து, அழித்து, மறுபடி அடித்தாள். தான் செய்தது சரியா, பொறாமையில்தான் செய்தோமா என்றுகூட ஒரு நிமிடம் குழம்பினாள். மீண்டும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். மூன்றுதான்.

பழனியப்பன் வேலை முடிந்து வந்து, வாசல் படியில் உட்கார்ந்து நனைந்த காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். விக்னேஸ்வரி தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, தானும் உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்கார்ந்து வருடக்கணக்காகிவிட்டது.

"இன்னைக்கு யாராச்சும் திட்டுனாங்களாப்பா?"

"ரெண்டு பேரு." அவர் காலுறையைப் பிழிந்தார். "ஏன்?"

"என்னைய ஒருத்தன் திட்டிட்டான், அவன் நம்பரக் குறைச்சுட்டேனாம்."

பழனியப்பன் திரும்பி மகளைப் பார்த்தார். யார், என்ன நம்பர் என்றெல்லாம் கேட்கவில்லை.

"வெறும் சாக்கைத் தூக்கிக் காட்டுனியா?"

"காட்டுனேன்பா."

"அப்புறமும் திட்டுனானா?"

"திட்டுனான்."

"அப்பச் சரிதான்," என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.