பேரீச்சம்பழப் பாகு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சோனியா புடவையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்தாள். காலையில் வெந்நீரில் ஊறப்போட்டுப் போன பேரீச்சம்பழம் மெத்தென்று ஆகியிருந்தது. கொட்டைகளை எடுத்துப்போட்டு மிக்ஸியில் அரைத்தாள். அக்கா மகள் மோனிகா ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, இன்னிக்காவது வருமா?"

"வரும் கண்ணு. இன்னிக்கு விடமாட்டேன்."

மோனிகாவுக்கு ஒன்பது வயது. ஆறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் ஊசி. வகுப்பில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் சாக்லேட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். அப்படிப்பட்ட பிள்ளை, போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டது. குச்சியில் குத்திய ஆப்பிள், அதன் மேல் பளபளவென்று வழியும் கேரமல். அவள் அம்மா கிறிஸ்டினா முடியவே முடியாது என்றாள். சோனியாதான், சர்க்கரையைக் குறைத்துச் செய்து பார்க்கலாம் என்று இறங்கினாள்.

முதல் தடவை சுகர்ஃப்ரீ பொடியைப் போட்டுக் காய்ச்சினாள். நிறமே ஏறவில்லை, ஆறியதும் மணல் மாதிரி உதிர்ந்தது. அடுத்த தடவை பேரீச்சம்பழமும் பாலும். ருசி வந்தது, ஆனால் ஆப்பிளில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு கீழே வந்து தட்டில் உட்கார்ந்துவிட்டது. பழத்தின் மேல் பூசியிருக்கும் மெழுகுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அதனால் இன்று ஆப்பிள்களை வெந்நீரில் முக்கி, துணியால் அழுத்தித் துடைத்து வைத்திருந்தாள். அரைத்த விழுதோடு பால், கொஞ்சம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, நிறத்துக்கு ஒரே ஒரு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரை. சின்னத் தீயில் கிளறக் கிளற, பாகு அடியை விட்டுப் பிரிந்து கொப்பளித்தது.

"இப்போ ஊசி போட்டுறவா?" என்று கிறிஸ்டினா கேட்டாள்.

"போட்டுடுக்கா. சோறு ஆயிடுச்சு. ஆப்பிளும் இதோ ஆயிடும்."

சோற்றுக்கும் ஆப்பிளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு கிறிஸ்டினா ஊசியைப் போட்டாள். மோனிகா சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு தட்டை எடுத்து வைத்தாள். அப்போதுதான் கதவு திறந்தது.

வந்தது சோனியாவின் புருஷன் ராபின். கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவன். குடிக்காத பையன், சிகரெட்கூடப் பிடிக்கமாட்டான் என்று சொல்லித்தான் பெண் கொடுத்தார்கள். அவன் குடிக்காமலேயே அடித்தான். நிதானமாக, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடிப்பான். கடைசியாக, அவளுடைய இடது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். மணிக்கட்டில் கட்டோடு பஸ் ஏறி கவரைப்பேட்டையில் அக்கா வீட்டுக்கு வந்தவள்தான், திரும்பிப் போகவில்லை.

ராபின் உள்ளே வந்து கதவைத் தாழ் போட்டான். கையோடு கொண்டுவந்திருந்த பூட்டை எடுத்துத் தாழ்ப்பாளில் மாட்டிப் பூட்டி, சாவியைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

"அண்ணன் எங்க அண்ணி? லோடு போயிருக்காரா?"

கிறிஸ்டினாவின் புருஷன் சின்னராசு லாரி டிரைவர். அன்று நெல்லூர்ப் பக்கம் போயிருந்தான். அது தெரிந்துதான் ராபின் வந்திருக்கிறான் என்று கிறிஸ்டினாவுக்குப் புரிந்தது.

"ராபின், இன்னாத்துக்குப் பூட்டுற? தொற."

"தொறக்குறேன். அவ துணிய எடுத்துக்கினு கெளம்பட்டும், தொறக்குறேன்." சன்னல் ஓரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சோனியா, எடு துணிய."

"வரல," என்றாள் சோனியா.

அவன் எழுந்து வந்து அறைந்தான். அவள் சுவரில் மோதி நின்றாள். தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்து, நெற்றியைச் சுவரில் இடித்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை. சுண்ணாம்பில் ரத்தம் ஒட்டியது. கிறிஸ்டினா ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். முழங்கையைப் பின்னால் வீசினான்; அது அவள் வாயில் பட்டுப் பல் ஒன்று ஆடியது. மோனிகா கத்தினாள்.

"ஏய், கத்தாத!" என்று அவன் குழந்தையைப் பார்த்து விரலை நீட்டினான். பிறகு சோற்றுக் குண்டானைக் காலால் எத்தினான். சோறு ஆவியோடு தரையெல்லாம் சிதறியது. தட்டில் வரிசையாக வைத்திருந்த ஆப்பிள்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சுவரில் அடித்தான். "ஊட்ட வுட்டு வந்து இங்க குந்திக்கினு ஆப்பிள் செஞ்சிக்கினுகீறியா? அவ கெளம்புற வரைக்கும் இந்த ஊட்ல ஒருத்தரும் துன்னக் கூடாது."

"டேய், கொழந்தைக்கு ஊசி போட்டுட்டேன்டா!" கிறிஸ்டினா வாயைப் பொத்தியபடி சொன்னாள். "அவ துன்னே ஆவணும். இல்லன்னா சர்க்கர எறங்கிரும். மயக்கம் வரும்டா."

"சும்மா கத வுடாத அண்ணி."

"சத்தியமா ராபின். எங்கள இன்னா வேணா பண்ணிக்கோ. அதுக்கு ஒரு வாய் குடுத்துட்டு வந்துர்றேன்."

"துணிய எடுக்கச் சொல்லு உன் தங்கச்சிய. அப்புறம் பிரியாணியே வாங்கித் தரேன்."

நாற்காலியில் மறுபடி உட்கார்ந்துகொண்டான். சோனியா சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் எழப் பார்க்கும்போதெல்லாம் காலை நீட்டி உதைத்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது. வெளியே ரயில் ஒன்று நிற்காமல் போனது. அந்த வரிசையில் ஏழெட்டு வீடுகள். எல்லோருக்கும் சத்தம் கேட்டிருக்கும். புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று ஒருவரும் வரவில்லை.

மோனிகாவின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. விரல்கள் நடுங்கின.

"அம்மா, கால் இல்லாத மாதிரி இருக்குது," என்றாள்.

கிறிஸ்டினா சட்டென்று எழுந்து, சன்னல் பக்கத்து அலமாரியில் இருந்த குளுக்கோஸ் டப்பாவை எடுத்தாள். அவசரத்துக்கென்றே எப்போதும் அங்கே இருப்பது. மூடியைத் திறப்பதற்குள் ராபின் அதைப் பிடுங்கி சன்னல் கம்பிகளுக்கு நடுவே வெளியே வீசினான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் வயிற்றில் குத்தினான். அவள் மடிந்து விழுந்தாள். விழுந்த பிறகும் முதுகில் மிதித்தான்.

அடுப்பில் பாகு தீயத் தொடங்கியிருந்தது. அடிப்பிடித்த வாடை அறை முழுவதும் பரவியது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

நாற்காலிக்குத் திரும்பியிருந்த ராபின் மூக்கைச் சுளித்தான். "போய் அத நிறுத்து," என்றான் சோனியாவிடம்.

சோனியா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு கண்ணில் ரத்தம் வழிந்து பாதி மறைத்திருந்தது. மறு கண்ணால் மோனிகாவைப் பார்த்தாள். குழந்தை சுவரில் சாய்ந்து, வாய் திறந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. "சித்தி" என்று சொல்லவந்தது வெறும் குழறலாக வந்தது.

அடுப்பை அணைத்தாள். வாணலியின் கைப்பிடியை வலது கையால் பிடித்தாள். கனமான இரும்பு வாணலி. கட்டுப் பிரித்துச் சில நாளே ஆன இடது கையையும் சேர்த்துக்கொண்டாள். மணிக்கட்டில் வலி கத்தியாய் இறங்கியது. திரும்பி இரண்டு எட்டு நடந்து, நாற்காலியில் இருந்தவன் நிமிர்வதற்குள், பாகோடு வாணலியை அவன் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் வீசி இறக்கினாள்.

அவன் அலறியது மனிதக் குரல் மாதிரியே இல்லை. கழுத்தில் ஒட்டியதைக் கையால் வழித்தான், கையிலும் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் விழவில்லை. எழுந்து அவள் மேல் பாய்ந்து, வெந்த கையாலேயே அவள் தொண்டையைப் பிடித்துத் தரையில் சாய்த்தான். சோற்றுப் பருக்கைகள் நடுவே அவள் தலை இப்படியும் அப்படியும் உருண்டது. அவளுக்குக் காது அடைத்தது. கண் இருட்டியது.

கிறிஸ்டினா தவழ்ந்து போய் தோசைக்கல்லை எடுத்தாள். அவன் முழங்கையில் அடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. நிறுத்தாமல் அடித்தாள், முதுகில், தோளில், மறுபடி கையில். "வுட்றா! வுட்றா!" என்று ஒவ்வொரு அடிக்கும் கத்தினாள். அவன் பிடி தளர்ந்து பக்கத்தில் சரிந்தான்.

அந்த நேரத்தில் வெளியே கதவும் இடிபட்டது. ராபின் வீசிய குளுக்கோஸ் டப்பா பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணுவின் வாசலில் போய் விழுந்திருந்தது. முதலில் அவளும் மற்றவர்களைப் போலத்தான் கதவை ஒருக்களித்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவைப் பார்த்ததும் அது எதற்கு என்று அவளுக்குத் தெரிந்தது. போன வருடம் மோனிகா தெருவில் மயங்கி விழுந்தபோது கலக்கிக் கொடுத்தவளே அவள்தான். "கொழந்தைக்குக் குடுக்கிறதத் தூக்கி வெளியே போட்டுக்கீறான், இன்னாய்யா பாத்துக்கினு நிக்கிறீங்க?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தி, எதிர்வீட்டு மணவாளனையும் இரண்டு பையன்களையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கிறிஸ்டினா ராபினின் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தாள். கதவருகே போய்ப் பூட்டைப் பிடித்தாள். அதற்குள் மணவாளன் கடப்பாரையால் தாழ்ப்பாளையே பெயர்த்துவிட்டார்.

சின்னப்பொண்ணு யாரையும் பார்க்காமல் நேராக மோனிகாவிடம் போனாள். கையோடு கொண்டுவந்திருந்த குளுக்கோஸ் பொடியை விரலில் தொட்டு ஈறிலும் கன்னத்தின் உள்பக்கமும் தடவினாள். தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு மறுபடி மறுபடி தடவினாள். "முழுங்கு கண்ணு. முழுங்கும்மா." சோனியா தரையில் கிடந்தபடியே குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். பாதம் ஜில்லென்றிருந்தது. வெகு நேரம் கழித்து, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது, மோனிகாவின் கண் அசைந்து அம்மாவைத் தேடியது. அப்புறம்தான் சோனியா அழுதாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. போலீஸும் வந்தது. ராபினை ஒரு ஆஸ்பத்திரிக்கும் இவர்கள் மூவரையும் இன்னொன்றுக்கும் கொண்டுபோனார்கள். சோனியாவின் நெற்றியில் தையல் போட்ட பெண் டாக்டர், என்ன பாகு என்று கேட்டார். சொன்னாள்.

"நல்லவேளை," என்றார் டாக்டர். "அசல் சர்க்கரைப் பாகா இருந்தா சூடு இதைவிட ரொம்ப அதிகம். சதையோட உரிச்சிருக்கும். ஆள் பொழச்சிருக்கமாட்டான்."

யாருக்கு நல்லவேளை என்று சோனியா யோசித்துப் பார்த்தாள். சந்தோஷமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை.

ஸ்டேஷனில் விசாரித்தவர், "ஆப்பிள் மேல ஊத்தக் காய்ச்சினியா, ஆள் மேல ஊத்தக் காய்ச்சினியாம்மா?" என்று கேட்டார். ராபின் வீட்டார் அப்படித்தான் புகார் எழுதியிருந்தார்கள். திட்டம் போட்டு வரவழைத்தார்களாம். சின்னப்பொண்ணு முன்னால் வந்து, உடைந்த ஆப்பிள்களையும் சிதறிய சோற்றையும் பூட்டையும் தான் பார்த்ததை வரிசையாகச் சொன்னாள். "பூட்டு எடுத்தாந்தவன் யாரு சார்? அதக் கேளுங்க மொதல்ல." மணவாளனும் கையெழுத்துப் போட்டார். ராபின் மேல் வழக்குப் பதிவானது. சோனியா மேலும் ஒன்று பதிவானது.

ராபினின் அம்மா ஒருநாள் வந்து வாசலில் உட்கார்ந்து அழுதாள். "கை வெளங்கலம்மா அவனுக்கு. கிரேன் வேலையும் போச்சு. கேஸ வாபஸ் வாங்கிக்கம்மா." சோனியா உள்ளே இருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "வாங்கமாட்டேன் அத்த," என்றாள்.

பொன்னேரி கோர்ட்டில் முதல் வாய்தாவுக்கு அக்காவும் தங்கையும் சேர்ந்து போனார்கள். ஜாமீனில் வந்திருந்த ராபின் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். கழுத்திலிருந்து காதுவரை தோல் சுருங்கிச் சிவந்திருந்தது. கிறிஸ்டினா வக்கீலைத் தேடிப் போன சமயம் பார்த்து அவன் பக்கத்தில் வந்தான். பழைய மாதிரியே மெதுவாகப் பேசினான்.

"இதெல்லாம் முடியட்டும். எங்க போயிருவ நீ?"

 தொண்டையில் அவன் விரல்கள் இன்னும் இருப்பதுபோல சோனியாவுக்கு மூச்சு நின்றது. ஆனாலும் அவள் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. மூச்சை இழுத்து, மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் திரும்பும்படி சத்தமாகச் சொன்னாள்:

"இவுரு என்ன மெரட்டுறாரு. எல்லாரும் கேட்டுக்கங்க. இவுரு பேரு ராபின். இங்கயே நின்னு என்ன மெரட்டுறாரு."

டீ குடித்துக்கொண்டிருந்த பெண் போலீஸ் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தார். ராபின் கையை விரித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். "சும்மா பேசினேன் மேடம்" என்று அவன் சொல்வதும், "என்கூட வா, வக்கீல் முன்னாடி பேசு" என்று அவர் அதட்டுவதும் கேட்டது.

கிறிஸ்டினா ஓடிவந்து தங்கையின் தோளைப் பிடித்தாள்.

"பயந்துட்டியாடி?"

"ஆமாக்கா. ரொம்ப பயம்," என்றாள் சோனியா. "இன்னொரு தபா வந்தாலும் இதே மாதிரி கத்துவேன்."

உள்ளே அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். இருவரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு படியேறினார்கள்.