பதினொரு நிமிட ஜெபமாலை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் லைனுக்கு மெர்சி சூப்பர்வைசர். மணிக்கு எத்தனை ஜோடி என்று பலகையில் எழுதுவது அவள் வேலை. எழுதிய எண்ணிக்கை வந்து சேரும்வரை நாற்பது பெண்களை மூச்சுவிட விடாமல் பார்த்துக்கொள்வதும் அவள் வேலைதான். அக்டோபர் மாதம் வீட்டுக்கு வீடு நடக்கும் ஜெபமாலையையும் அவளே முன்னின்று சொல்வாள். ஐம்பத்து மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம், பதினொரு நிமிடம்.

இதில் சூட்சுமம் ஒன்றுமில்லை. ஜெபத்தின் முன்பாதியை ஒருவர் சொல்ல, பின்பாதியைக் கூட்டம் சொல்ல வேண்டும். கூட்டம் பின்பாதியின் நடுவில் இருக்கும்போதே மெர்சி மாலையின் அடுத்த மணிக்குத் தாவிவிடுவாள். ஏழரை மணி சீரியலை நம்பியிருந்த குடும்பங்கள் அவளுடைய ஆரோக்கியத்துக்காக மனதார வேண்டிக்கொண்டன.

மெர்சிக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. தன் ஜெபம் ஒற்றை டிக்கோடு நிற்கும் வாட்ஸ்அப் செய்தி மாதிரி எங்கேயோ நின்றுவிடுவதாக அவளுக்குத் தோன்றும். போய்ச் சேர்கிறதா, ஆண்டவர் பார்க்கிறாரா, ஒன்றும் தெரியாது. பூசையில் முழங்காலிட்டாலும் தலைக்குள் கன்வேயர் ஓடும். போன வருஷம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி அழுதேவிட்டாள்.

"கொஞ்ச நேரம் சும்மா உக்காரும்மா" என்றார் ஃபாதர். "அவருக்கும் பேச ஒரு சான்ஸ் குடு."

சும்மா உட்கார்ந்தவர்களுக்கு மெமோ கொடுப்பதே மெர்சிதான். ஃபாதருக்கு உற்பத்தி பற்றிப் போதிய அனுபவமில்லை என்று முடிவுகட்டி, பரிகாரத்துக்குக் கொடுத்த பத்து மணியை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு வந்தாள்.

இந்த வருஷம் அவள் வீட்டு முறை வந்த அன்று, கம்பெனிக்குச் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வந்துவிட்டார். காலையிலிருந்து மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தியதில் நாலு மணிக்கு மெர்சியின் தொண்டை கட்டிக்கொண்டது. புருஷன் ராஜேஷ் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தான். குடித்தும் குரலுக்குப் பதில் காற்று மட்டும் வந்தது.

பக்கத்து வீட்டு ஜெயசீலிதான் முதலில் கலவரப்பட்டாள். "இன்னா மெர்சி, ஒரு பத்து மணியாவது சொல்லேன். நீ உட்டா அப்புறம் தானியேல் அண்ணன்தான்."

தானியேல் ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பத்தொரு வருஷம் கடைசிப் பெட்டி கடக்காமல் கேட்டைத் தூக்கியதில்லை. ஜெபத்திலும் அப்படித்தான். கூட்டம் ஆமென் சொல்லி முடித்து, அது வாசல் தாண்டிப் போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த மணியை எடுப்பார். அவருக்கு வாய்ப்பு வராமலிருக்கவே, தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்த இந்த அன்பியம் மெர்சியைக் கண்டெடுத்திருந்தது.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். முதல் பத்து மணியில் மெர்சி மூன்று முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டாம் பத்தில், இந்த வேகத்தில் போனால் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து மனம் உடைந்தாள். பதில் சொல்லவும் குரலில்லை. வேலையில்லாத ஆளாகத் தன் வீட்டிலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் பத்தில் கூட்டம் பின்பாதியைச் சொல்வது அவள் காதில் விழுந்தது. "பாவிகளாகிய எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்..." ஜெயசீலி இழுத்தாள், ராஜேஷ் வழக்கம்போல் அரைச் சொல்லை விழுங்கினான். வேண்டிக்கொள்ளும், ஆமென். பிறகு கொஞ்சம் அமைதி. மெர்சி யோசித்துப் பார்த்தாள். இந்த முடிவை அவள் வருஷக்கணக்காகக் கேட்டதேயில்லை. அது வரும்போதெல்லாம் அவள்தான் அதன்மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.

இப்பொழுதும் என்கிறார்கள். டார்கெட் முடித்த பிறகு என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த மணிக்கு அவள் காத்திருந்தாள். அதற்கடுத்ததற்கும். எத்தனையாவது மணி என்பது விட்டுப்போயிற்று. கன்வேயர் எப்போது நின்றது என்றும் தெரியவில்லை. வெயிலில் நடந்து வந்தவள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார், ரொம்ப நேரமாகவே இருந்திருக்கிறார், இவள் திரும்பிப் பார்க்கட்டும் என்று அவசரமில்லாமல். அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

முடிந்தபோது ஏழே முக்கால். சுண்டல் ஆறிப்போயிருந்தது, உப்பும் கம்மி. தானியேல் அதை நிதானமாகத் தின்று கடைசிக் கடலைவரை முடித்தார்.

இரண்டு நாளில் குரல் திரும்பியது. அன்று ஜெயசீலி வீட்டு முறை. அன்பியம் நிம்மதியாக உட்கார்ந்தது. மெர்சி முன்பாதியைச் சொன்னாள். கூட்டம் பழக்கத்தில் பாதியிலேயே நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் மீதியையும் சொல்லி ஆமென் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் அடுத்த மணி நகர்ந்தது.

முதல் பத்து முடிந்ததும் ஜெயசீலி சாய்ந்து காதைக் கடித்தாள். "இன்னாடி, தொண்டை இன்னும் சரியாவலையா?"

"சரியாய்டுச்சுக்கா."

"பின்ன ஏன் லேட்டு? சீரியல் போய்டும்டி."

"நீங்க சொல்றத கேட்டுனு இருக்கேன்" என்றாள் மெர்சி. "நல்லா இருக்குக்கா."

ஜெயசீலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த மணியில் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஒரு சொல்கூட விடாமல் சொன்னாள். மூலையில் தானியேல் கண்ணை மூடி, அந்த ஆமென் வாசல் தாண்டக் காத்திருந்தார்.