வலிக்கவில்லை என்ற சாட்சி

சவப்பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவின் கால்களுக்குக் கெசியா வெள்ளை சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் டோரதி அத்தை, அடக்க ஆராதனையில் சொல்லப்போகும் சாட்சியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசி வரிக்கும் எங்கண்ணன் ஒரு தபா கூட வலிக்குதுன்னு சொல்லல. துதிச்சுக்கினே போய்ட்டாரு."

சொல்ல விட்டால்தானே என்று கெசியா நினைத்துக்கொண்டாள்.

வயிற்றில் புற்று என்று தெரிந்த நாளிலிருந்து அத்தையின் ஜெபக்குழு வீட்டைப் பிடித்துக்கொண்டது. நோயை வாயால் சொன்னால் அது நிலைத்துவிடுமாம். சுகமாகிவிட்டேன் என்று அறிக்கை செய்ய வேண்டுமாம். ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஆயுசெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு உழைத்த அப்பா எபனேசருக்குச் சாகும்போதும் அதே கதிதான்.

"டோரதி, வலிக்குது..."

"அப்டி சொல்லாத அண்ணா. சுகமாய்ட்டேன்னு சொல்லு."

"சுகமாய்ட்டேன்" என்பார். எல்லோரும் அல்லேலூயா போடுவார்கள். முனகினால் பாட்டுச் சத்தம் ஏறும். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதைக்கூட இவர்கள் ராகத்தோடு செய்தார்கள். கெசியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிர்த்துப் பேசினால், அவளுடைய அவிசுவாசம்தான் அப்பாவைக் கொன்றது என்று ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தாள்.

ஆராதனை தொடங்கி, பாஸ்டர் அத்தையிடம் மைக்கைக் கொடுத்ததும் கெசியா எழுந்து பந்தலுக்கு வெளியே வந்தாள். தண்ணீர் டிரம் பக்கத்தில் முனீர் அகமது தரையில் உட்கார்ந்திருந்தார். அப்பாவோடு ஒரே மேஜையில் தோல் வெட்டியவர். அப்பா படுக்கையில் கிடந்த நாட்களில், ஜெபக்குழு டீ குடிக்க வாசலுக்குப் போகும் நேரம் பார்த்து சாயங்காலம் வருவார். அப்பாவின் வாயருகே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"மாமா, அப்பா உங்ககிட்ட இன்னா சொல்வாரு?"

"இப்ப எதுக்கு மா அதெல்லாம்?"

"சொல்லுங்க மாமா."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வலிக்குது பாய்னுவாரு. பயமா இருக்குதுன்னுவாரு. எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல மா. கையப் புடிச்சுக்கினு இருந்தேன், அவ்ளோதான்."

"நேத்து, கடைசியா?"

"நேத்து ரொம்ப ஜாஸ்தி. கெசியாகிட்ட ஒரு தபா சொல்லணும், கூப்புடுன்னாரு. நான் எழுந்திருக்கறதுக்குள்ள அவங்க டீ குடிச்சுட்டு வந்துட்டாங்க. பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க."

அந்த நேரத்தில் கெசியா அடுப்படியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள்.

பந்தலுக்குள் அத்தையின் குரல் ஸ்பீக்கரில் உடைந்து, "ஒரு தபா கூட!" என்றது. கூட்டம் அல்லேலூயா சொன்னது. பிறகு பாஸ்டர், மகள் வந்து இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்று கெசியாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். சற்று விட்டு மறுபடியும் அழைத்தார்.

கெசியா அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். முனீர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.