எழுத்தை முந்திய புள்ளி

தட்டச்சில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் ‘மின்னல்’ என்று பேர் வந்தது. பேருக்குத் தகுந்த கர்வமும் கூடவே வந்தது. அவள் அடித்த பக்கங்களைக் கையில் வாங்கினால் பிழை திருத்துபவர்கள் வேலையில்லாமல் கொட்டாவி விடுவார்கள். சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டு கணினியும் ஒரு மின்விசிறியும் இருந்த அறையில், அண்ணியும் அவளுமாகப் புத்தகங்களைத் தயாரித்துக் கொடுத்தார்கள். இவள் அடிப்பாள், அண்ணி பக்கம் அமைப்பாள். இத்தனை வருஷத்தில் எந்தப் புத்தகத்திலும் அவள் பேர் வந்ததில்லை. இந்த ஹீப்ரு–தமிழ் அகராதியில்தான், முதல் பக்கத்தில் பேர் போடுவதாகப் பதிப்பாசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தப் பதிப்பாசிரியர்தான் காலையிலேயே படியேறி வந்து, உட்காரக்கூடச் செய்யாமல், அவர்கள் அனுப்பிய அகராதிக் கோப்பைக் கைப்பேசியில் திறந்து நீட்டினார்.

ஹீப்ருவில் ஷின் என்று ஓர் எழுத்து. தலையில் வலப்பக்கம் புள்ளி வைத்தால் ‘ஷ’, இடப்பக்கம் வைத்தால் ‘ஸ’. புள்ளி இல்லையென்றால் படிப்பவர் பாடு திண்டாட்டம். அவர் காட்டிய திரையில் ஷின் மொட்டைத் தலையோடு நின்றது. அதன் புள்ளி, முன்னால் ஒரு வெற்று வட்டத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. சொல்லின் நடுவே வந்த இடங்களிலோ, பக்கத்து எழுத்தின் தலையில் ஏறியிருந்தது.

“தேடினாலும் கிடைக்கல. பெயர்ங்கிறதுக்கு ‘ஷேம்’னு வார்த்தை. தேடிப் பார்த்தா, அப்படி ஒண்ணே இல்லைங்குது” என்றார்.

“எங்க கணினியில சரியாத்தானே தெரியுது சார்?” என்றாள் அண்ணி.

“உங்க கணினியில மட்டும்தான் சரியா தெரியுது. வேற இடத்துல குடுத்து முதல்லேர்ந்து அடிக்கச் சொல்லப்போறேன். தப்பா நினைச்சுக்காதீங்க... பேர் போடறதும் இனிமே சரிப்படாது.”

மின்னலுக்குச் சுருக்கென்றது. மற்ற எதையும் தாங்கிக்கொள்வாள். தன் வேலையை இன்னொருத்தி முதலிலிருந்து அடிப்பதை மட்டும் தாங்க மாட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, கோப்பைத் திறந்து, எழுத்துருவை மாற்றினாள். அவ்வளவுதான், அவள் திரையிலும் புள்ளிகள் இடம் மாறின. பழைய எழுத்துரு, புள்ளி முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் எழுத்தின் தலையிலேயே ஏற்றிவைத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அழித்துப் பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“என்னடி, பைத்தியம் பிடிச்சிருச்சா?”

“கொம்பு, அண்ணி! கொம்பு!”

“உனக்குக் கொம்பு முளைச்சது ஊருக்கே தெரியுமே.”

“அது இல்ல. நான் தொழில் பழகின தட்டச்சுப் பொறியில ‘கெ’ எப்படி அடிப்போம்? கொம்பு முதல்ல, ‘க’ அப்புறம். இங்கயும் புள்ளியை முதல்ல அடிச்சிட்டு எழுத்தை அப்புறம் அடிச்சிருக்கேன். எழுத்து முதல்ல வரணும், புள்ளி பின்னாடி வரணும். தமிழ்ல அடிக்கறப்ப மென்பொருள் அதுவே மாத்திக்கும். இதுக்கு யார் மாத்துவா?”

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? பதிப்பாசிரியர் பெருமூச்சு விட்டார்.

“காரணம் புரியுதும்மா. எங்கெங்க தப்புன்னு ஒவ்வொண்ணா தேடணுமே!”

மின்னல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எதுக்கு சார் தேடணும்? எல்லா இடத்துலயும் தப்பு.”

அவர் விழித்தார்.

“என் கை ஒரே மாதிரிதான் போகும். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தா உங்க கையெழுத்துப் பிரதியை வச்சுக்கிட்டு வரிவரியா பார்க்கணும். விட்டுப்போகலையே!”

கணினியை எண்ணச் சொன்னாள். ஷின் எத்தனையோ, புள்ளியும் அத்தனையே. அவர் நம்பாமல் பிரதியைப் பிரித்து அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒப்பிட்டார். வலம் வலமாகவும் இடம் இடமாகவும் இருந்தன. அவர் தேடித் தேடி அலுக்கட்டும் என்று மின்னல் காத்திருந்தாள்.

பிறகு இரண்டே கட்டளை. வலப்புள்ளிக்குப் பின் ஷின் வந்தால் ஷின்னுக்குப் பின் வலப்புள்ளி என்று மாற்று, இடப்புள்ளிக்கும் அப்படியே. கண்மூடித் திறப்பதற்குள் அகராதி முழுக்கப் புள்ளிகள் தத்தம் தலைக்குத் திரும்பின. புதுக் கோப்பைக் கைப்பேசிக்கு வாங்கிக்கொண்டு அவர் மறுபடியும் ‘ஷேம்’ தேடினார். வந்து நின்றது.

“தப்பைக்கூட இவ்வளவு ஒழுங்கா அடிச்ச ஆளை நான் பார்த்ததில்ல” என்றார், இப்போதுதான் உட்கார்ந்து.

“எங்க வீட்டுப் பொண்ணு சார்” என்றாள் அண்ணி. நாத்தனாரைப் பற்றி அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது லேசில் நடக்கிற காரியமல்ல. மின்னலுக்குக் கண் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் முதல் பக்கத்தைத் திறந்தாள்.

“பேரை எப்படிப் போடணும்?” என்று அவர் விசைப்பலகைப் பக்கம் கையைக் கொண்டுவந்தார்.

“நீங்க கையை எடுங்க சார்,” என்றாள் அவள். “அதை நான்தான் அடிப்பேன்.”